மால்ட் கிட்டில் தொடக்க ஒப்படர்த்தி பிசகும்போது: அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தல்

மணலியில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில், எண்ணெய் மாதிரிகளுக்குள் ஹைட்ரோமீட்டரை (திரவத்தில் எவ்வளவு அமிழ்கிறது என்பதை வைத்து அதன் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் கருவி) மிதக்கவிட்டே பணிக்காலத்தைக் கழித்துவிட்டு, இப்போது தண்டையார்பேட்டையில் ஓய்வாக இருக்கிறேன். பீர் காய்ச்சிய சொந்த அனுபவம் எனக்குக் கிடையாது. மெல்போர்னில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், 'கிட்' என்ற பெயரில் டப்பாவில் வரும் மால்ட் பாகை, அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த சர்க்கரைப் பாகைக் கரைத்து வீட்டிலேயே பீர் செய்யத் தொடங்கியபோது, அவனுக்குப் பிடிபடாத கருவி எனக்குக் கைவந்த கருவியாக இருந்தது. வீடியோ அழைப்பில் அவனுடைய குடுவையை நான் பார்க்க, நான் சொல்வதை அவன் செய்ய, இருபது வாளி பீருக்கு மேல் கடந்துவிட்டோம். அந்த வாளிகளில் எழுந்த சிக்கல்களைத்தான் இங்கே அறிகுறிவாரியாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் செய்யத் தடையில்லை. பிரிட்டனில் 1963 முதல் அதற்கு உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ஆகவே இதை வாசிப்பவர் சென்னையில் இருந்தால், கீழே வரும் சோதனைகளைச் சர்க்கரைத் தண்ணீரில் செய்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நானும் என் சமையலறையில் அதைத்தான் செய்தேன். அளக்கும் முறையைப் பொறுத்தவரை, ஈஸ்ட் போடாத மால்ட் கரைசலும் சர்க்கரைத் தண்ணீரும் ஹைட்ரோமீட்டருக்கு ஒன்றுதான்.

கருவியைத் தொடும் முன் கணக்கு

ஒப்படர்த்தி என்பது, ஒரு திரவம் அதே கனஅளவுள்ள தண்ணீரைப் போல எத்தனை மடங்கு எடையுள்ளது என்பதைக் காட்டும் எண். தண்ணீருக்கு அது 1.000. சர்க்கரை கரையக் கரைய எண் ஏறும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்ற மாற்ற எண் இறங்கும். ஈஸ்ட் போடுவதற்கு முன் எடுக்கும் அளவே தொடக்க ஒப்படர்த்தி; வீட்டில் பீர் செய்பவர்கள் அதை ஓ.ஜி. என்று சுருக்கிச் சொல்வார்கள். 1.039 என்பதில் தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் பகுதியை மட்டும் எடுத்து '39 புள்ளி' என்று பேசுவது வழக்கம்.

பார்லியை ஊறவைத்து, அதிலிருந்து சர்க்கரையைப் பிரித்தெடுக்கும் முறையில், எவ்வளவு சர்க்கரை இறங்கும் என்பது அரைத்த பதத்தையும் நீரின் சூட்டையும் பொறுத்தது. அங்கே ஓ.ஜி. என்பது பரீட்சை முடிவைப் போன்றது. வந்த பிறகுதான் தெரியும். கிட்டில் அந்த வேலையை ஆலை முடித்து அனுப்பிவிடுகிறது. டப்பாவை மூடிய அன்றே அதற்குள் எவ்வளவு சர்க்கரை என்பது முடிவாகிவிட்டது. அதை எத்தனை லிட்டராக விரிக்கிறோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. எனவே கிட் பயன்படுத்துபவர் ஓ.ஜி.யைக் காகிதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கருவி வேறு எண்ணைக் காட்டினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கருவியையும் மாதிரியையும் அளந்தவரையும்தானே தவிர, வாளியில் இருப்பதை அல்ல. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்.

கணக்கு எளிது. ஒரு கிலோ மால்ட் பாகு, ஒரு லிட்டர் அளவில், ஏறக்குறைய 300 புள்ளி தரும். உலர்ந்த மால்ட் தூள் என்றால் சுமார் 367. நாம் காபியில் போடும் வெள்ளைச் சர்க்கரை என்றால் சுமார் 385. கடையில் டெக்ஸ்ட்ரோஸ் என்று விற்கும் குளுக்கோஸில் சிறிது ஈரம் சேர்ந்திருப்பதால் சுமார் 350. கிலோவை இந்த எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த லிட்டரால் வகுத்தால் போதும். என் மருமகனின் வழக்கமான கிட் 1.7 கிலோ டப்பா. அதோடு ஒரு கிலோ சர்க்கரை. வாளியில் 23 லிட்டர். 1.7ஐ 300ஆல் பெருக்க 510, அதோடு 385ஐக் கூட்ட 895, அதை 23ஆல் வகுக்க 38.9. ஆகவே ஓ.ஜி. 1.039. இந்த எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி வாளியின் மேல் ஒட்டிவிட்டுத்தான் ஹைட்ரோமீட்டரைக் கையில் எடுக்க வேண்டும்.

அறிகுறி: பத்துப் புள்ளியோ அதற்கு மேலோ குறைவு

முதல் வாளியன்று அவன் அழைத்து, "மாமா, 1.028தான் காட்டுது, டப்பால ஏதோ கோளாறு போல" என்றான். நானும் யோசிக்காமல், "அரைக் கிலோ சர்க்கரையைக் கூடப் போட்டுடு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். டப்பாவில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு என் அறிவுரையில்தான் இருந்தது. அரைக் கிலோ சர்க்கரை 23 லிட்டரில் எட்டுப் புள்ளிக்குச் சற்று மேல் ஏற்றும். உண்மையில் 1.039 ஆக இருந்த கரைசல் 1.047 ஆகி, இறுதியில் சுமார் 5 சதவீதச் சாராயத்தோடு, செறிவில்லாத நீர்த்த சுவையோடு வந்து சேர்ந்தது. அதை நண்பர்களுக்குக் கொடுத்தே தீர்த்ததாகச் சொன்னான்.

நடந்தது என்னவென்றால், கிட்டின் குறிப்புப்படி மூன்று லிட்டர் கொதிநீரில் பாகையும் சர்க்கரையையும் கரைத்து வாளியில் ஊற்றிவிட்டு, அதன் மேல் குழாயிலிருந்து குளிர்ந்த தண்ணீரை 23 லிட்டர் குறி வரை பிடித்திருக்கிறான். அந்தக் கெட்டிக் கரைசலின் ஒப்படர்த்தி கிட்டத்தட்ட 1.180; தண்ணீருடையது 1.000. கனமானது கீழே படுத்துக்கொள்ள, இலேசானது அதன் மேல் நின்றுவிட்டது. வெயில் காலத்தில் வண்ணாரப்பேட்டைப் பக்கம் சர்பத் கடையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தம்ளரில் நன்னாரிப் பாகை ஊற்றி, மேலே தண்ணீரை நிரப்பி, கடைக்காரர் நீளக் கரண்டியால் கலக்க மறந்து நீட்டிவிட்டால், முதல் மடக்கில் எலுமிச்சைத் தண்ணீரும் கடைசி மடக்கில் வெறும் பாகுமாகத்தான் இருக்கும். வாளியின் மேற்பரப்பிலிருந்து மாதிரி எடுத்தவன் அந்த முதல் மடக்கைத்தான் அளந்திருக்கிறான்.

மேலோட்டமாக இரண்டு சுற்றுச் சுற்றுவது கலக்குவது ஆகாது. சுத்தம் செய்து கிருமிநீக்கிய நீளமான கரண்டியை அடிவரை இறக்கி, அடியில் இருப்பதை மேலே தூக்கிப் போடுவது போல மூன்று நான்கு நிமிடம் கலக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் நுரை எழும்பிக் காற்று கலந்தால் நல்லதுதான், ஈஸ்ட் பெருகுவதற்குத் தொடக்கத்தில் ஆக்சிஜன் வேண்டும். நொதித்தல் தொடங்கிய பிறகு அப்படிக் கலக்கினால் பீர் கெடும். கலக்கிய பிறகு வாளியின் மேலிருந்து ஒரு மாதிரியும், அடிக் குழாயிலிருந்து ஒரு மாதிரியும் எடுத்துப் பார்த்து, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் கலவை சமமாகிவிட்டது என்று கொள்ளலாம். இரண்டாம் வாளியில் இப்படிச் செய்தபோது மேலும் கீழும் 1.039 என்றே வந்தது; துண்டுத்தாளில் எழுதியிருந்ததும் அதுதான்.

கலக்காமலேயே ஈஸ்ட் போட்டுவிட்டவர் பதற வேண்டாம். நொதிக்கும்போது எழும் குமிழிகள் வாளி முழுவதையும் கலக்கிவிடும். பீருக்கு ஒன்றும் ஆகாது. பொய்யாகிப்போனது குறிப்பேட்டில் எழுதிய எண் மட்டுமே. அதை அடித்துவிட்டுக் கணக்கில் வந்த எண்ணை எழுதிக்கொள்ளலாம்.

கலக்கிய பின்னும் எண் இவ்வளவு குறைவாக இருந்தால், ஏதோ ஒரு பொருள் வாளிக்குள் போகவில்லை என்று பொருள். சர்க்கரைப் பொட்டலம் மேசையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், அவனுக்கு அது ஒருமுறை நடந்திருக்கிறது. உலர்ந்த மால்ட் தூளை நேராகச் சூடான நீரில் கொட்டினால், ரவையைக் கொதிநீரில் ஒரேயடியாகக் கொட்டியது போலக் கட்டி தட்டும். உள்ளே உலர்ந்தும் வெளியே பிசுபிசுத்தும் இருக்கும் அந்தக் கட்டிகள் கரையும் வரை கணக்கில் சேரா. டப்பாவின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் பாகு இவ்வளவு பெரிய பிழையைத் தராது. நூறு கிராம் ஒட்டியிருந்தாலும் 23 லிட்டரில் ஒரு புள்ளிக்குச் சற்று மேல்தான் குறையும். ஆனாலும் டப்பாவைத் திறக்கும் முன் பத்து நிமிடம் சுடுநீரில் நிறுத்தி வைப்பதும், பிறகு கொஞ்சம் சுடுநீரை டப்பாவுக்குள் ஊற்றி அலசி வாளியில் சேர்ப்பதும் நல்ல பழக்கம்.

அறிகுறி: பத்துப் புள்ளி கூடுதல்

பெரும்பாலும் இதுவும் மேலே சொன்ன நோயின் மறுபக்கமே. கலக்காத வாளியின் அடிக் குழாயைத் திறந்து மாதிரி பிடித்தால், முதலில் வருவது அடியில் படுத்திருக்கும் பாகு. 1.055, 1.060 என்று பார்த்துவிட்டு, 'கெட்டியாகிவிட்டது' என்று தண்ணீரை ஊற்றி விரிப்பவர்கள் உண்டு. அப்படி ஊற்றிய தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது. கலக்குங்கள், குழாயிலிருந்து ஒரு தம்ளர் அளவு வடியவிட்டு அதை மீண்டும் வாளியிலேயே ஊற்றுங்கள், பிறகு அளவு எடுங்கள்.

அறிகுறி: இரண்டு முதல் நான்கு புள்ளி வரை பிசகு

இங்கேதான் பொறுமை வேண்டும். இவ்வளவு சிறிய வித்தியாசத்துக்குக் காரணமாக நான்கு விஷயங்கள் இருக்கலாம். அவற்றில் இரண்டு ஒரே பக்கம் சேர்ந்தால் கூடும், எதிரெதிராக அமைந்தால் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

முதலாவது சூடு. ஹைட்ரோமீட்டரின் தண்டில், எண்களுக்கு அருகே, அது எந்த வெப்பநிலைக்காகச் செய்யப்பட்டது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். பெரும்பாலானவை 20 டிகிரி செல்சியஸுக்கு. பழையவை சில 15.5 டிகிரிக்கு. திரவம் அதைவிடச் சூடாக இருந்தால் இலேசாகிவிடும், கருவி கூடுதலாக அமிழும், எண் குறைவாகத் தெரியும். 20 டிகிரிக் கருவிக்கு, மாதிரி 25 டிகிரியில் இருந்தால் ஒரு புள்ளியும், 30 டிகிரியில் இரண்டரைப் புள்ளியும், 35 டிகிரியில் நான்கு புள்ளியும், 40 டிகிரியில் ஆறு புள்ளியும் கூட்டிக்கொள்ள வேண்டும். மெல்போர்ன் குளிர்காலத்தில் 10 டிகிரி மாதிரி என்றால் ஒன்றரைப் புள்ளி கழிக்க வேண்டும். 40 டிகிரிக்கு மேல் திருத்தக் கணக்கை நான் நம்புவதில்லை; மாதிரியை ஒரு சிறிய பாத்திரத்தில் ஊற்றி, அதைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆறவைத்து அளப்பதே சரி. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் குடுவை வளையும், கண்ணாடி ஹைட்ரோமீட்டர் விரிசல் விடும்.

இரண்டாவது, கருவியே பொய் சொல்வது. தண்டுக்குள் இருக்கும் அளவுகோல் ஒரு காகிதச் சுருள்தான். அது ஒரு மில்லிமீட்டர் நழுவினாலும் எல்லா எண்களும் சேர்ந்து நழுவும். சுத்தமான தண்ணீரில் விட்டுப் பார்ப்பதே சோதனை. இதைச் சென்னையில் செய்பவர் ஒரு பொறியில் விழுவார். பாரிமுனையில் ஆய்வகக் கண்ணாடிச் சாமான் விற்கும் கடையில் நான் வாங்கிய ஹைட்ரோமீட்டர், என் வீட்டில் 0.997 காட்டியது. கடைக்குத் திரும்பிப் போகச் செருப்பை மாட்டிவிட்டேன். அப்போதுதான் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். தண்ணீர் 31 டிகிரியில் இருந்தது. 20 டிகிரிக்குச் செய்த கருவி 31 டிகிரித் தண்ணீரில் 0.997 காட்டத்தான் வேண்டும், 1.000 காட்டியிருந்தால்தான் அது பழுது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஐஸ் கட்டி போட்டுத் தண்ணீரை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து பார்த்தேன். கோடு சரியாக 1.000இல் நின்றது.

இந்தச் சோதனைக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது. கடலோரத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் சில தெருக்களில் நிலத்தடி நீர் உப்பு கரிக்கும். லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு கரைந்திருந்தால் அதுவே ஒரு புள்ளி ஏற்றிவிடும். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ போதுமானது. தண்ணீரில் சரியாகக் காட்டும் கருவி உயரத்தில் சரியாகக் காட்டுகிறதா என்பதையும் பார்க்க விரும்பினால், நூறு கிராம் சர்க்கரையை எடை போட்டுக் கரைத்து, மொத்தக் கரைசல் ஒரு லிட்டர் வரும்படி தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் நூறு கிராமைப் போடுவது வேறு, ஒரு லிட்டராக நிரப்புவது வேறு. 20 டிகிரியில் அது 1.038 காட்ட வேண்டும். என் சமையலறைச் சூட்டில் 1.035 காட்டியது; மூன்று புள்ளி சூட்டுக்கு என்று கூட்டினால் கணக்கு நேராகிறது. இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிசகினால் அந்த அளவை நிரந்தரத் திருத்தமாக எழுதி வைத்துக்கொள்ளலாம். இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பிசகினால் வேறு கருவி வாங்குவதே மேல்.

மூன்றாவது கண். தண்டைச் சுற்றித் திரவம் கண்ணாடியில் சற்று மேலேறி வளைந்து நிற்கும். அந்த வளைவின் உச்சியை அல்ல, சுற்றிலும் சமமாக இருக்கும் திரவ மட்டத்தைப் படிக்க வேண்டும். அதற்குக் குடுவையை மேசையில் வைத்து, முட்டி போட்டாவது கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் ஒன்றிரண்டு புள்ளி போய்விடும். கறுப்பான ஸ்டவுட் வகைக் கரைசலில் மட்டம் கண்ணுக்குத் தெரியாது. கச்சா எண்ணெயில் எங்களுக்கும் அதே தொல்லை உண்டு. அங்கே வளைவின் உச்சியைப் படித்துவிட்டுத் திருத்தம் சேர்ப்போம். இங்கேயும் உச்சியைப் படித்து ஒரு புள்ளி கூட்டிக்கொள்ளலாம்.

நான்காவது லிட்டர். வாளியில் அச்சிட்ட குறிகளை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்கள் பலர். குறி 23 என்று சொல்லும்போது உள்ளே 25 இருந்தால் அதே 895 புள்ளி 1.036 ஆகிவிடும், 21 இருந்தால் 1.043. ஒரு நாள் மெனக்கெட்டு, அளவு தெரிந்த லிட்டர் பாட்டிலால் தண்ணீரை எண்ணி எண்ணி ஊற்றி, வாளியின் வெளிப்பக்கம் சொந்தமாகக் கோடு போட்டுக்கொள்வது நல்லது. லாரித் தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து வளர்ந்த எங்களுக்கு இது கடினமான வேலையாகத் தோன்றவில்லை, அவன்தான் அலுத்துக்கொண்டான். அலுத்துக்கொண்டே செய்து முடித்தபோது, அவனுடைய வாளியில் 23 என்ற கோடு உண்மையில் 23 லிட்டருக்குச் சற்று மேல் இருந்தது தெரிந்தது.

அறிகுறி: ஒரே மாதிரியில் ஒவ்வொரு முறையும் வேறு எண்

ஹைட்ரோமீட்டரின் மேல் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடிக்கின்றன, அல்லது அது குடுவைச் சுவரில் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. குமிழி ஒட்டினால் எண் எப்போதும் உண்மையைவிடக் கூடுதலாகவே தெரியும். நன்கு கலக்கிய கரைசலில் காற்றும், நொதித்துக்கொண்டிருக்கும் பீரில் கரியமில வாயுவும் நிறைந்திருக்கும். நம் ஊரில் காபியை டவராவுக்கும் தம்ளருக்கும் மாற்றி மாற்றி ஆற்றுவோமே, அப்படியே மாதிரியைப் பத்துப் பன்னிரண்டு முறை ஆற்றினால் வாயு வெளியேறிவிடும். நுரை அடங்கிய பிறகு குடுவையை விளிம்பு வரை நிரப்பி, ஹைட்ரோமீட்டரின் தலையை விரல்நுனியால் பம்பரம் போல மெதுவாகச் சுழற்றிவிட்டு, அது நிற்கும் வரை காத்திருந்து படிக்க வேண்டும். குடுவை ஒடுக்கமாக இருந்தால் சுவரில் ஒட்டுவது ஓயாது. சற்று அகலமான குடுவைக்கு மாறிவிடலாம். அளந்த மாதிரியை வாளியில் திரும்ப ஊற்றக் கூடாது. அதில் கிருமி சேர்ந்திருக்கலாம்; குடித்துப் பார்க்கலாம் அல்லது கொட்டிவிடலாம்.

அறிகுறி: எண்ணே புரியவில்லை

வீட்டு பீர்க் கருவிகளில் பெரும்பாலும் மூன்று அளவுகோல்கள் ஒரே காகிதத்தில் இருக்கும்: ஒப்படர்த்தி, பிரிக்ஸ் (நூறு கிராம் கரைசலில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவு), எதிர்பார்க்கும் சாராயச் சதவீதம். தண்டைச் சுற்றினால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும். "10 காட்டுகிறது" என்று ஒருவர் சொன்னால் அது பிரிக்ஸ். ஏறக்குறைய நான்கால் பெருக்கினால் 40 புள்ளி, அதாவது 1.040. "ஐந்தரை சதவீதம் காட்டுகிறது" என்றால் அது சர்க்கரை முழுவதும் சாராயமாகிவிட்டால் என்ன ஆகும் என்ற ஊகம் மட்டுமே, வாளியில் அப்போது சாராயம் ஒரு சொட்டும் கிடையாது. எண்ணெய் ஆய்வகத்திலிருந்து வருபவருக்கு இன்னொரு குழப்பம் உண்டு: எங்கள் ஏபிஐ அளவில் எண் ஏறினால் திரவம் இலேசாகிறது என்று பொருள், இங்கே எல்லாம் நேர்மாறு.

பால் அளக்கும் லாக்டோமீட்டரையோ, பேட்டரி ஆசிட் பார்க்கும் ஹைட்ரோமீட்டரையோ வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தத்துவம் ஒன்றே, வீச்சு வேறு. லாக்டோமீட்டரில் 30 என்றால் 1.030, ஆனால் அளவுகோல் பெரும்பாலும் 40இல் முடிந்துவிடும், சற்றுக் கெட்டியான கரைசலுக்கு எட்டாது. பேட்டரி ஹைட்ரோமீட்டர் 1.100க்கு மேல்தான் தொடங்கும். பீருக்கு அது எதற்கும் உதவாது.

அறிகுறி: ஈஸ்ட் போட்ட பிறகுதான் அளக்க நினைவு வந்தது

சில மணி நேரத்துக்குள் என்றால் கலக்கிவிட்டு அளக்கலாம். ஒரு நாள் கடந்துவிட்டால் ஈஸ்ட் உண்ணத் தொடங்கியிருக்கும்; எண் எவ்வளவு இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. கிட்டுக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. கணக்கில் வந்த 1.039ஐ எழுதிக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால், அவசரத்தில் எடுத்த அளவீட்டைவிட நான் அந்தக் கணக்கையே அதிகம் நம்புவேன்.

அறிகுறி: கடைசி அளவு 1.020 அருகே நின்றுவிட்டது

இது ஓ.ஜி. பற்றிய கேள்வி அல்ல, ஆனால் ஓ.ஜி.யைச் சந்தேகித்துக்கொண்டே பலரும் இங்கே வந்து சேர்வதால் சொல்கிறேன். கிட் பீர் பொதுவாக 1.008க்கும் 1.014க்கும் இடையே ஓயும். தொடக்க எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் சாராயச் சதவீதம் கிடைக்கும், 1.039இல் தொடங்கி 1.010இல் முடிந்தால் 0.029ஐப் பெருக்கிச் சுமார் 3.8. முதல் வாளியின் பொய்யான 1.028ஐ வைத்துக் கணக்கிட்டால் இது 2.4 என்று வரும்; டப்பாவைத் திட்டுபவர்களில் பலர் இந்தப் பொய்க் கணக்கின் பேரில்தான் திட்டுகிறார்கள்.

1.020ஐ ரெஃப்ராக்டோமீட்டரில் பார்த்தவர் முதலில் அதை ஓரமாக வைக்க வேண்டும். அது ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை ஊகிக்கும் கருவி. சாராயமும் ஒளியை வளைப்பதால், நொதித்த பீரில் அது ஏமாந்துவிடும். 10 பிரிக்ஸில் தொடங்கி உண்மையில் 1.010இல் முடிந்த பீரை அது சுமார் 5.3 பிரிக்ஸ் என்று காட்டும். அதை நான்கால் பெருக்குபவர் 1.021 என்று நினைத்து, முடிந்துபோன நொதித்தலைக் கிளறிக்கொண்டிருப்பார். ஈஸ்ட் போடும் முன் அந்தக் கருவி மிகவும் வசதியானது, ஒரு சொட்டே போதும். போட்ட பிறகு ஹைட்ரோமீட்டர் மட்டும்தான்.

ஹைட்ரோமீட்டரும் 1.020 என்றே சொன்னால், அறை குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாளியை 20, 22 டிகிரிக்குக் கொண்டுவந்து, அடியில் படிந்த ஈஸ்டை மெதுவாக எழுப்பிவிட்டுக் காத்திருக்கலாம். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருக்கும் வரை பாட்டிலில் அடைக்கவே கூடாது. மிச்சச் சர்க்கரை பாட்டிலுக்குள் நொதித்தால் கண்ணாடி வெடிக்கும்; இதில் மட்டும் அவனிடம் நான் குரலை உயர்த்தியிருக்கிறேன்.

அறிகுறி: ஹைட்ரோமீட்டர் உடைந்துவிட்டது

எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும். வாளிக்குள் விட்டு அளக்கும் பழக்கம் இருந்து, அங்கேயே உடைந்திருந்தால், கண்ணாடித் தூளும் கீழ்ப்பகுதியில் இருக்கும் எடைக் குண்டுகளும் கலந்திருக்கும்; வடிகட்டிப் பார்க்காமல் வாளி முழுவதையும் கொட்டிவிட வேண்டியதுதான். குடுவையில் உடைந்தால் அந்த மாதிரி மட்டும் போகும். எப்போதும் குடுவையில்தான் அளக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

புதியது வரும் வரை சமையலறைத் தராசு கை கொடுக்கும். ஆய்வகத்தில் ஒப்படர்த்திக் குப்பி என்று ஒன்றை வைத்திருப்போம். அதன் தத்துவத்தை எந்தப் பாட்டிலிலும் செய்யலாம். அரை லிட்டர் பாட்டில் ஒன்றைக் காலியாக எடை போட்டு, கழுத்தில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றி எடை பார்க்க வேண்டும். பிறகு பாட்டிலை உலர்த்தி, அதே சூட்டில் இருக்கும், வாயு ஆற்றிய கரைசலை அதே கோடு வரை ஊற்றி எடை பார்க்க வேண்டும். பாட்டிலின் எடையைக் கழித்துவிட்டு, கரைசலின் எடையைத் தண்ணீரின் எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். தராசு ஒரு கிராம் வரைதான் காட்டும் என்றால் இரண்டு புள்ளி முன்பின் இருக்கும். பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு என்றால் ஹைட்ரோமீட்டருக்குச் சளைக்காது. போன மாதம் அவனுடையது சிங்க்கில் விழுந்து உடைந்த அன்று இப்படித்தான் செய்தோம்: தண்ணீர் 500 கிராம், கரைசல் 519.5 கிராம். வகுத்தால் 1.039.